செம்பும் களிம்பும்

விளக்கு என்னும் சொல் நம் மொழியிற் பெயராகவும் நிற்கும், வினையாகவும் நிற்கும். பெயராகும்போது அது சுடரேந்தி நடுவீட்டில் இருக்கின்றது. வினையாகும்போது சாம்பலும் தும்புங் கொண்டு கிணற்றடியிற் குந்தியிருக்கின்றது. ஆசிரியன் பாடத்தை விளக்குகின்றான். தாய் பாத்திரத்தை விளக்குகின்றாள். இருவர் தொழிலும் மங்கிக் கிடப்பதைத் துலங்கச் செய்வதே. முப்பதாண்டுக் காலம் முதலாவது விளக்குதலைச் செய்து ஓய்ந்த பின்னர், இரண்டாவதை ஒழுங்காகக் கற்கும் பேறு எனக்கு வாய்த்தது. கற்பித்தவர் என் அன்னையார். பள்ளிக்கூடம் நறுவிலிக்குளத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றடி.

நறுவிலிக்குளம் மன்னார்த் தீவுக்கு இப்பால், பெருநிலப்பரப்பில், வங்காலையையும் நானாட்டானையும் அண்டிக் கிடக்கும் சிற்றூர். நறுவிலி மரமும் குளமுஞ் சேர்ந்து ஊருக்குப் பெயர் தந்தன. நறுவிலிப் பழத்தின் பசையை அறியாத பிள்ளை எங்கள் காலத்தில் இல்லை. பட்டத்துக்குத் தாள் ஒட்டவும் கிழிந்த கொப்பியைப் பொருத்தவும் அதுவே எங்களுக்கு உதவிற்று. ஒருபுறம் வயல்வெளி; மறுபுறம் சிறிது தூரத்திற் கடல். சோளகம் வீசுங் காலத்தில் அக்கடலின் உப்பு காற்றேறி ஊருக்குள் வரும். கண்ணுக்குத் தெரியாத அவ்வுப்பு உலோகத்தின்மேற் படிந்து, காற்றிலுள்ள ஈரத்தைத் தன்பால் இழுத்து வைத்துக்கொள்ளும். கதவுக் கொண்டியும், கூரைத் தகரத்தின் ஆணியும், துவிச்சக்கரவண்டியின் வளையமும் உள்நாட்டு ஊர்களிலும் பார்க்க இங்கே விரைவில் நோயுறுவது இதனாலேயே. ஆகவே உலோகத்தைத் துலக்குதல் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஆடம்பரமன்று, ஓயாத போராட்டம்.

அப்போராட்டத்தில் அவர்கள் கையாண்ட கருவிகள் எளியவை. ஆயின் அறிவோடு தேர்ந்தவை. பித்தளை செம்பும் நாகமுங் கலந்தது. வெண்கலம் செம்பும் வெள்ளீயமுங் கலந்தது. இரண்டும் காற்றுப்பட்டுக் கறுக்கும்போது மேற்பரப்பிற் பெரும்பாலும் செம்பின் ஒட்சைட்டே படிகின்றது. பழப்புளியிலுள்ள தாத்தாரிக்கமிலமும் தேசிக்காயிலுள்ள சித்திரிக்கமிலமும் அந்த ஒட்சைட்டைக் கரைத்துவிடும். சாம்பலில் உள்ள காரம் எண்ணெய்ப் பிசுக்கை அகற்றும். அதன் நுண்ணிய துகள் மெருகிடும். எங்கள் அன்னையார் அடுப்புச் சாம்பலைத் துணியில் அரித்தெடுத்தே பயன்படுத்துவார். மணல் கலந்துவிட்டால் பாத்திரம் கீறலுறும் என்பதை அவருக்கு எந்த நூலுஞ் சொல்லிக் கொடுக்கவில்லை. சைவ வீடுகளில் திருநீற்றினால் வெள்ளியைத் துலக்கும் வழக்கமும் இவ்வறிவின் வழிப்பட்டதே; அத்துணை மென்மையான பொடி வீட்டில் வேறெது உண்டு?

புளி பூசிய பாத்திரத்தை இரவு முழுவதும் அப்படியே விடக்கூடாது என்பது அவருடைய இன்னொரு விதி. விட்டாற் பித்தளை ஆங்காங்கே சிவந்துவிடும். அமிலம் நாகத்தை முந்திக் கரைத்துச் செம்பை மட்டும் மிச்சம் வைப்பதே அச்சிவப்பின் காரணம். ஈயம் பூசிய பாத்திரத்தின் உட்புறத்தை ஒருபோதும் செங்கட்டித் தூளாலே தேய்க்கலாகாது என்பது மற்றொரு விதி. ஈயப்பூச்சு போய்விட்டால் அதிற் சமைக்கும் புளிக்குழம்பு செம்பைக் கரைத்து நஞ்சாகும். அலுமினியப் பாத்திரத்துக்குச் சாம்பல் ஆகாது. காரம் பட்டால் அது கறுக்கும். இவற்றையெல்லாம் அவர் கூறும்போது, இரசாயனவியலை நாம் வெண்பலகையிலிருந்து தொடங்குகின்றோமே, கிணற்றடியிலிருந்து தொடங்கினால் என்ன என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

இனி, என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டிய நிகழ்ச்சிக்கு வருகின்றேன்.

1990 ஆம் ஆண்டு போர் எங்கள் பகுதியை வந்தடைந்தபோது நான் யாழ்ப்பாணத்திற் பயின்றுகொண்டிருந்தேன். என் பெற்றோரும் தம்பியும் ஊரைவிட்டு நீங்கிப் படகேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமிற் சேர்ந்தனர். புறப்படுவதற்கு முதல்நாள் இரவு என் அன்னையார் மூன்று பொருள்களைச் சாக்கிற் சுற்றி வளவிலிருந்த நறுவிலி மரத்தடியிற் புதைத்தார். ஒன்று குத்துவிளக்கு, மற்றொன்று மூக்குப்பேணி, மூன்றாவது ஒரு பித்தளைச் செம்பு. செம்பும் மூக்குப்பேணியும் என் அம்மம்மாவுக்கு அவருடைய கலியாணத்தின்போது கிடைத்தவை. இரண்டின் கழுத்திலும் உளியாற் புள்ளி புள்ளியாக அவருடைய பெயர் வெட்டப்பட்டிருந்தது. அப்பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அஃது எங்கள் வீட்டுக்குள் இருக்கட்டும்.

அவசரத்தில் அகப்பட்ட சாக்கு முன்பு கருவாடு கட்டியிருந்த சாக்கு. அந்தச் சிறு தவறு பின்னர் எத்துணை பெரிதாயிற்று என்பதை வாசகர்கள் காண்பார்கள்.

தந்தையார் முகாமிலேயே காலமானார். போர் முடிந்த மறு ஆண்டு, 2010 இல், அன்னையாரும் தம்பியும் ஊர் திரும்பினர். வீடு சுவரளவில் நின்றது. நறுவிலி மரம் மட்டும் முன்னிலும் பருத்து நின்றது. அதன் வேருக்கடியிலிருந்து நாங்கள் அந்த மூன்று பொருள்களையும் எடுத்தபோது, அவை பச்சை மண்கட்டிகள் போலிருந்தன. அன்னையார் ஒன்றும் பேசவில்லை. செம்பின் கழுத்தைப் பெருவிரலாற் தடவிப் பார்த்தார். “எழுத்து இருக்குது” என்றார். அவ்வளவுதான்.

தம்பி என்னைப்போல் ஏட்டுச் சுரைக்காய் அல்லன்; கைவேலை தெரிந்தவன். அன்னையாரை மகிழ்விக்க எண்ணி, விளக்கையும் மூக்குப்பேணியையும் பட்டணத்திலுள்ள ஒரு கடைக்கு எடுத்துச் சென்றான். வாகனங்களின் உலோகப் பாகங்களை மின்சாரத்தாற் சுழலும் துணிச்சக்கரத்தில் வைத்து மெருகிடுங் கடை அது. மாலையில் அவன் திரும்பியபோது இரண்டும் பொன்போல் ஒளிர்ந்தன. முகம் பார்க்கலாம் போலிருந்தது. அன்னையார் மூக்குப்பேணியை வாங்கி அதன் கழுத்தைத் தடவினார். மறுபடியுந் தடவினார். பிறகு அதனைத் தம்பியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டார். கழுத்து வழுவழுப்பாயிருந்தது. அம்மம்மாவின் பெயர் சக்கரத்தின் துணியோடு போய்விட்டது.

தம்பி அன்றிரவு உண்ணவில்லை. நான் அவனை நோகவில்லை, கடைக்காரரையும் நோவதற்கில்லை. மெருகிடக் கேட்டோம், மெருகிட்டார். மெருகு என்பது என்னவென்று நாங்கள் எவரும் அன்று சரியாக அறிந்திருக்கவில்லை.

நேயர்களே, மங்கிய உலோகத்தின்மேல் அழுக்கு இருக்கின்றது, அழுக்கை நீக்கினால் உள்ளே பழைய உலோகம் இருக்கின்றது என்றே நாம் எல்லோரும் நினைக்கின்றோம். அழுக்கு வேறு, களிம்பு வேறு. அழுக்கு வெளியிலிருந்து வந்து படிவது. களிம்போ உலோகமே உருமாறி நிற்கும் நிலை. சைவசித்தாந்த நூல்கள் உயிரைப் பற்றிய ஆணவ மலத்துக்குச் செம்பிற் களிம்பை உவமை கூறுவதை ஆசிரிய அன்பர்கள் அறிவர். வெளியிலிருந்து வந்து ஒட்டாது, உடன் நின்றே மறைப்பது என்பதை உணர்த்த அவ்வுவமை வந்தது. உவமையின் தத்துவத்தைப் பேச நான் தகுதியுடையேன் அல்லேன்; ஆயின் உலோகத்தைப் பொறுத்தமட்டில் அது மிகச் சரியான கூற்று. களிம்பைத் தேய்த்து நீக்கும்போது நாம் நீக்குவது, ஒரு காலத்திற் பாத்திரத்தின் மேற்பரப்பாக இருந்த அதே உலோகத்தைத்தான். பழைய மினுக்கம் திரும்பி வருவதில்லை. ஒவ்வொரு முறையும் புதிய முகம் ஒன்று பிறக்கின்றது. பழைய முகம் கழுநீரோடு வாழையடிக்குப் போகின்றது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அது வெள்ளி. காற்றிலுள்ள கந்தகச் சேர்வைகளால் வெள்ளி கறுத்து வெள்ளிச் சல்பைட்டாகின்றது. அலுமினியப் பாத்திரமொன்றிற் கொதிநீர் விட்டு, அப்பச் சோடாவைக் கரைத்து, வெள்ளிப் பொருள் அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருக்குமாறு அமிழ்த்தி வைத்தால், கந்தகம் வெள்ளியை விட்டு நீங்கும். கறுப்பாய் இருந்த வெள்ளி மீண்டும் வெள்ளியாகவே நின்றுவிடும். தேய்ப்பில்லை, பெரிய இழப்புமில்லை. பித்தளைக்கு அந்தப் பேறு கிடையாது. இங்கிலாந்தில் 1905 ஆம் ஆண்டளவில் விற்பனைக்கு வந்து பின் நம் நாட்டுக் கடைகளிலும் இடம்பெற்ற பிறாசோவும், நுண்ணிய துகள் கொண்டு மேற்பரப்பைத் தேய்த்தெடுக்கும் பொருளே. துகள் நுண்ணியதென்பதால் இழப்புக் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பெயர் போன துயர் ஆறுவதற்குள் அடுத்த துயர் வந்தது. பொன்போல் ஒளிர்ந்த குத்துவிளக்கில், மாரி தொடங்கிய சில கிழமைகளில், வெளிர்பச்சை நிறத்திற் புள்ளிகள் தோன்றின. துடைத்தால் மாவுபோல் உதிர்ந்தன. துடைத்த இடத்திற் சிறு குழி தெரிந்தது. மறுகிழமை அதே இடத்தில் மறுபடியும் மாவு. நான் கற்பித்த பாடசாலையின் இரசாயனவியல் ஆசிரியரிடம் அதைக் காட்டினேன். “இது வெண்கலத்துக்கு வருகிற நோய், சேர். பித்தளைக்கும் வரும். உங்கள் விளக்குக்குள் உப்பு இருக்கின்றது” என்றார் அவர்.

அவர் விளக்கியதன் சாரம் இது. உப்பு மண்ணிற் கிடந்த செம்புக் கலவையின் ஆழ்ந்த துளைகளிற் குளோரைட்டுப் புகுந்து, செம்போடு கூடிச் செம்புக் குளோரைட்டாக ஒளிந்திருக்கும். ஈரமும் ஒட்சிசனும் கிடைத்தவுடன் அது வெளிர்பச்சை மாவாக மாறும். மாறும்போது ஐதரோகுளோரிக்கமிலத்தை உண்டாக்கும். அவ்வமிலம் மேலும் உலோகத்தை அரித்து மறுபடியுங் குளோரைட்டை ஆக்கும். இவ்வட்டம் உலோகம் உள்ளவரை சுழலும். கருவாட்டுச் சாக்கின் உப்பு இருபதாண்டுகள் எங்கள் விளக்கின் உள்ளே காத்திருந்தது. துணிச்சக்கரம் மேலே மினுக்கியதே தவிர, உள்ளே எட்டவில்லை.

இந்நோயை முறையாக ஆராய்ந்து மருத்துவஞ் செய்த தமிழ்நாட்டு நிலையம் ஒன்றுண்டு. சென்னை அரசாங்க நூதனசாலையில் 1930 ஆம் ஆண்டிலேயே, அங்குள்ள வெண்கலப் படிமங்களைக் காப்பதற்கென இரசாயன ஆய்வுகூடம் ஒன்று தொடங்கப்பட்டது. அதில் முதலிற் பணியாற்றிய இரசாயன அறிஞர் எஸ். பரமசிவன் அவர்கள். நோயுற்ற படிமத்தை ஐதான காரக் கரைசலில் அமிழ்த்தி, அதனை எதிர்மின்வாயாக்கி மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தினால், குளோரைட்டு படிமத்தை விட்டு நீங்கி எதிர்ப்புறத் தகட்டை நோக்கிச் செல்லும். சுரண்டலுந் தேய்த்தலுமின்றி நோயின் வேரையே அகற்றும் இம்மின்பகுப்பு முறையை அவ்வாய்வுகூடம் கையாண்டது.

எங்களுக்கு மின்பகுப்புக் கருவி ஏது? ஆசிரிய நண்பர் எளிய வழியொன்று கூறினார். அப்பச் சோடாவையும் சலவைச் சோடாவையும் சம அளவில் நீரிற் கரைத்து, அதில் விளக்கையும், அதுவரை எவருந் தொடாதிருந்த செம்பையும் அமிழ்த்தி வைத்தோம். கிழமைக்கொருமுறை கரைசலை மாற்றினோம். கழித்த நீரிற் சிறிதை நண்பர் விஞ்ஞானகூடத்துக்கு எடுத்துச் செல்வார். அதனை நைத்திரிக்கமிலத்தால் அமிலமாக்கி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் இரண்டு துளி விடுவார். குளோரைட்டு இருந்தால் நீர் பால்போல் வெளுக்கும். முதற் கிழமைகளில் தயிர்போலவே திரண்டது. மாதங்கள் செல்லச் செல்லப் பால் மோராயிற்று, மோர் நீராயிற்று. வெண்மை அறவே தோன்றாத நாளில் மாணவர் சிலர் கைதட்டினராம். பின்னர் மழைநீரிற் பலமுறை அலசி, வெயிலில் உலர்த்தி, தேன்மெழுகை மெல்லப் பூசினோம். விளக்கில் இன்றுவரை அம்மாவு மீண்டும் தோன்றவில்லை.

செம்பை நான் என்னோடு எடுத்துச் சென்று அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அது துலக்கப்படவில்லை. கபிலமும் கரும்பச்சையுமான தோலோடு, கழுத்தில் அம்மம்மாவின் பெயரோடு இருந்தது. எல்லாக் களிம்பும் பகையன்று என்பதையும் அப்போது அறிந்திருந்தேன். மாவாய் உதிர்வது நோய். இறுகி ஒட்டி நிற்பது காப்பு. கொழும்பு நூதனசாலையில், பொலனறுவையிலிருந்து 1907, 1908 ஆம் ஆண்டுகளிற் கண்டெடுக்கப்பட்ட சைவப் படிமங்களைப் பார்த்தவர்கள் இதனை உணர்ந்திருப்பார்கள். அவை மினுங்குவதில்லை. மினுங்காமையாலேயே சிற்பியின் உளி சென்ற இடமெல்லாம் இன்றும் தெரிகின்றது.

வண்டிகளின் மினுக்கத்திலும் இவ்வுண்மை வேறு வடிவில் உண்டு. தந்தையாரின் றலி சைக்கிள் உறவினர் வீட்டிற் கிடந்து தப்பியிருந்தது. அதன் வளையங்களில் ஒளிர்ந்த குரோமியப் பூச்சு மயிரிழையிலும் மிக மெல்லியது, அதன்கீழே நிக்கல், அதன்கீழே உருக்கு. உப்பு நீர் பூச்சின் நுண்ணிய வெடிப்பால் இறங்கி உருக்கைத் தொட்டதும், துருக்குழி உள்ளிருந்து தோன்றுகின்றது. அதனை அரத்தாளாலே தேய்ப்பவர் துருவோடு பூச்சையுங் களைந்துவிடுகின்றார். அடுத்த சோளகத்தில் வளையம் முழுவதுஞ் சிவந்துவிடும். தந்தையார் உள்ள காலத்தில் அதைத் தேய்த்ததே இல்லை. மாலைதோறும் நன்னீரால் உப்பைக் கழுவி, துடைத்து, தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் ஒருமுறை ஒற்றுவார். “துருவை எடுக்கிறது கெட்டித்தனம் இல்லை, வரவிடாமல் பார்க்கிறதுதான் கெட்டித்தனம்” என்பது அவர் வாக்கு. தம்பி இப்போது தன் மோட்டார் சைக்கிளுக்கும் அவ்வாறே செய்கின்றான். மூக்குப்பேணி அவனுக்குக் கற்பித்த பாடம் அது.

நான் ஓய்வு பெற்று ஊரிற் குடியேறிய பின்னர், ஒருநாள் அன்னையார் கேட்டார்:

“அந்தச் செம்பு எங்க, மகன்?”

“அலுமாரிக்குள்ள பத்திரமாய் இருக்குது, அம்மா.”

“ஏன் அலுமாரிக்குள்ள? செம்பு கிணற்றடியில எல்லோ இருக்கவேணும். கொண்டு வா, மினுக்குவம்.”

நான் தயங்கினேன். நூதனசாலையையும் படிமங்களையும் உருமாறிய உலோகத்தையும் பற்றி ஒரு பாடமே நடத்தினேன். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் அம்மம்மாவின் எழுத்துத் தேய்கின்றது, அதை இனித் தொடலாகாது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எண்பது வயதைக் கடந்த அவருடைய கண்களுக்கு இப்போது பார்வை மட்டு.

“எழுத்துத் தேஞ்சது என்ர கையாலதான், மகன். எனக்கு முதல் அம்மாவின்ர கையால. இவ்வளவு காலம் தேச்சும் இன்னும் இருக்குது எல்லோ? மண்ணுக்குள்ள இருபது வருசம் கிடந்திட்டுது. பிறகு உன்ர பெட்டகத்துக்குள்ள இவ்வளவு காலம். எப்பதான் அது வீட்டுக்கு வாறது?”

எனக்கு விடை வரவில்லை. பூசையிலுள்ள கோயிற் படிமங்களை எண்ணிப் பார்த்தேன். நூற்றாண்டுக் கணக்காக அபிடேகமும் துலக்கலும் பெற்று, கண்ணும் மூக்கும் மழுங்கி நிற்கும் படிமங்கள் எத்தனை! நூதனசாலைப் படிமத்தின் முகம் கூர்மையாய் இருக்கின்றது. அதனைத் தொடுவார் இல்லை. கோயிற் படிமத்தின் முகம் மழுங்கியிருக்கின்றது. தொட்ட கைகளே அதனை மழுக்கின. இவற்றுள் எது காக்கப்பட்டது, எது இழக்கப்பட்டது என்று என்னால் எளிதிற் கூற முடியவில்லை.

ஈற்றில் நாங்கள் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். பெயர் வெட்டிய கழுத்தின்மேல் நான் தேன்மெழுகை உருக்கித் தடிப்பாகப் பூசினேன். புளியும் சாம்பலும் அங்கே எட்டா. எஞ்சிய உடலை அன்னையார் பழப்புளியாலே தடவி, உடனே கழுவி, அரித்த சாம்பலையும் மெல்லிய துணியையுங் கொண்டு விளக்கினார். தும்பு வேண்டாமென்றேன், அதற்கு இசைந்தார். கபிலத் தோலின்கீழிருந்து மஞ்சள் மெல்ல எழுந்து வந்தது. பின் மெழுகை வெந்நீரால் இளக்கித் துடைத்தேன். ஒளிரும் செம்பின் கழுத்தைச் சுற்றிக் கரிய பட்டியொன்று நின்றது. அதிற் புள்ளி புள்ளியாய் அந்தப் பெயர்.

அன்னையார் செம்பை வாங்கிக் கழுத்தைப் பெருவிரலாற் தடவினார். பார்வை வேண்டாத வாசிப்பு அது. எழுத்து எழுத்தாக விரல் நகர்ந்தது. இறுதி எழுத்தில் நின்றது. பின்னர் கிணற்று நீரை அதில் மொண்டு, முதலில் எனக்குக் குடிக்கத் தந்தார்.

செம்பு இப்போது கிணற்றடியிலேயே இருக்கின்றது. கிழமைக்கொருமுறை நான் அதனை விளக்குகின்றேன். மெழுகு பூச நேரமில்லாத நாட்களில், கழுத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றித் துலக்குகின்றேன். என் பெருவிரல் சில வேளைகளில் தவறி எழுத்தின்மேற் செல்வதுண்டு. அப்போது நான் கையை இழுத்துக்கொள்வதில்லை.